உப்பு நிலவு நின்ற இடம்

அடுத்த கிழமை நீங்கள் ஒரு புதிய விண்வெளித் தொடருக்குச் சித்திரக்கதை வரையத் தொடங்குகிறீர்கள் என்று கபிலன் போனில் சொன்னார். கலையகத்தைத் தொடங்கியவர் அவர். உங்களுக்குக் கபிலன் அண்ணை. என்னைவிட இளையவர் என்பதால் எனக்குத் தம்பி.

"அக்கா, புதுப் பிள்ளையளுக்கு ஏதும் எழுதிக் குடுங்கோ. நான் சொன்னால் முதலாளி கதைக்கிறான் எண்டுதான் கேப்பினம்."

"என்னத்தை எழுதிறது? என்னைவிட அவையளுக்குக் கணினி தெரியும்."

"கணினியை விடுங்கோ. 'உப்பு நிலவை' எழுதுங்கோ."

ஆகவே எழுதுகிறேன். தூரிகை, திரை, மென்பொருள் எதைப் பற்றியும் இதில் ஒன்றும் இல்லை. நாங்கள் முடிக்காமல் விட்ட ஒரு கதையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பாடநூல், பத்திரிகை, சித்திரக்கதை என்று என் கை பட்ட வேலைகளில் எதை நினைத்துப் பெருமைப்படுகிறாய் என்று யாரும் கேட்டால், அந்த முடியாத கதையைத்தான் காட்டுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோகக் கதை சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

'தூரக்கலம்' என்ற தொலைக்காட்சித் தொடர் அப்போது வெளிநாடுகளில் பெரிய பேரோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விண்கலம், அதற்கு ஒரு கப்டன், கிரகம் கிரகமாக அவர்கள் போய்ச் சந்திக்கும் சிக்கல்கள். அதற்கு நாவல் வந்தது, கணினி விளையாட்டு வந்தது, பொம்மை வந்தது. சித்திரக்கதையும் வேண்டும் என்றார்கள். இப்படியான பெருந்தொடருக்கு ஒரு சொந்தக்காரக் கம்பனி இருக்கும். கப்டனின் முகத்திலிருந்து அவர் போடும் சப்பாத்து வரைக்கும் அந்தக் கம்பனியின் சொத்து. நாங்கள் வாடகைக்கு வந்து இருப்பவர்கள் மாதிரி. சுவரில் ஆணி அடிப்பதற்கும் கேட்க வேண்டும்.

கதையை எழுதியவர் ஸ்கொட்லாந்தில் இருந்த மார்த்தா என்ற எழுத்தாளர். ஆறு இதழ்களில் முடியும் கதை. பெயர் 'உப்பு நிலவு'. கொக்குவிலில் ரெயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கலையகத்துக்கு அந்த வேலை கிடைத்தது என்று சொன்னபோது பக்கத்து வீட்டு ஆசிரியர் ஒருவர் நம்பவில்லை. நாங்கள் கலியாண அட்டை அடிக்கிறோம் என்று அவர் அதுவரை நினைத்திருந்தார்.

பென்சில் வேலை என்னுடையது. மையும் நிறமும் ஜெறோம். குருநகர்க்காரன்; வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், அவன் மட்டும் நிறத்துக்கு வந்தவன். நல்ல கலைஞன், கோபக்காரன். எழுத்துக் கோர்ப்பது தர்சினி. பேச்சுக் குமிழை எங்கே வைத்தால் வாசிப்பவரின் கண் தடுக்காமல் போகும் என்று அவருக்குத் தெரிந்ததுபோல எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

முதல் சிக்கல் கப்டன் வேரனின் முகத்தில் தொடங்கியது. நடிகரின் ஒப்பந்தப்படி அவருடைய முகத்தை வரைந்தால் கம்பனியின் ஒப்புதல் வேண்டும். அனுப்புகிற முகமெல்லாம் "இது அவர் இல்லை" என்று திரும்பி வந்தது. ஜெறோம் கடைசியில் எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டான்.

"அக்கா, இந்த மனுசனுக்குத் தாடையே இல்லை. இல்லாததுக்கு நான் எங்கை போய் மை போடுறது?"

அன்று பின்னேரம் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொடரை எல்லோரும் இருந்து பார்த்தோம். பேச்சு இல்லாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது: கப்டன் எதையும் யோசிக்கும்போது பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரிப் பாரத்தை ஒரு காலில் போட்டு, மற்றக் காலைச் சும்மா விட்டு நிற்கிறார். அந்த நிலையை வரைந்து அனுப்பினோம். முகம் பழைய முகம்தான், தாடையும் பழைய தாடைதான். "இதுதான் அவர்" என்று பதில் வந்தது. ஒரு ஆளை முகத்தில் தேடிக் களைத்தால் அவர் நிற்கிற விதத்தைப் பாருங்கள். இது சின்ன விஷயம். பெரியது பிறகு வந்தது.

கதை இதுதான். உப்பு மூடிய ஒரு நிலவில் மனிதர்கள் ஊர் அமைத்து வாழ்ந்தார்கள். ஏதோ ஆயுதச் சோதனைக்கென்று விண்படை அவர்களை எழுப்பி வேறு இடத்தில் குடியேற்றிவிட்டது. ஒரு தலைமுறை கழிந்தபின் அவர்கள் திரும்பிப் போகக் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு முன்னால் நிற்பவள் நெயா என்ற வயதான பெண். படை மறுக்கிறது. கப்டன் வேரன் படையின் ஆள். ஆனால் நெயாவைக் கலத்தில் ஏற்றி வந்தவரும் அவர்தான்.

மூன்றாம் இதழில் நெயா தன் ஊருக்குள் கால் வைக்கும் இடம் வருகிறது. மார்த்தா அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். எல்லோரும் இறங்குகிறார்கள், இடிந்த வீடுகளைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அவ்வளவுதான். நல்ல எழுத்தாளர், பிழையாக ஒன்றும் எழுதவில்லை. ஆனால் எனக்கு வரவில்லை. வரைந்து வரைந்து அழித்தேன்.

எங்கள் வீடு காங்கேசன்துறைப் பக்கம். அப்பா சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். சண்டையோடு வெளிக்கிட்டோம். பிறகு அந்தப் பகுதி நெடுங்காலம் இராணுவத்தின் கையில் மூடிக் கிடந்தது. காணிகளைத் திருப்பி விட்டபோது அம்மாவும் அண்ணையும் நானும் பார்க்கப் போனோம். கூரை இல்லை. சுவர் பாதி இல்லை. வாசற்படி மட்டும் அப்படியே இருந்தது. அம்மா படியடியில் நின்று செருப்பைக் கழற்றினார்.

அண்ணை சொன்னார், "அம்மா, செருப்பைப் போடுங்கோ. உள்ளுக்கு முழுக்க முள்ளுக் கிடக்கு."

"செருப்போடை வீட்டுக்கையோ?" என்று அம்மா கேட்டார்.

வெறுங்காலோடுதான் போனார். அழவில்லை. குசினி யன்னல் கிழக்கே இருந்ததா தெற்கே இருந்ததா என்று அண்ணையோடு அங்கேயே நின்று சண்டை பிடித்தார். அழுதது நாங்கள் கொக்குவிலுக்குத் திரும்பி வந்து, தேத்தண்ணி குடித்து, அடுத்த நாள் உடுப்புத் தோய்க்கும்போது.

மார்த்தாவின் அந்தப் பக்கம் எனக்கு ஏன் வரவில்லை என்று, அந்த நாள் நினைவுக்கு வந்தபின் யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

கபிலனிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, எழுத்தை மாத்த எங்களுக்கு உரிமை இல்லை. பக்கக் கணக்கும் முடிஞ்சுது."

அது உண்மை. ஆகவே நான் செய்ததைச் சொல்கிறேன், இது உங்களுக்குப் பயன்படும். முதலில் மார்த்தா எழுதிய பக்கத்தை எழுதியபடியே, என்னால் முடிந்த அளவு நன்றாக வரைந்து முடித்தேன். வேண்டாவெறுப்பாக அல்ல. அப்படியே அச்சுக்குப் போனாலும் நான் வெட்கப்படாத அளவுக்கு. அதற்குப் பிறகுதான் மூன்று பக்கங்களைப் பென்சிலில் மேலோட்டமாகக் கீறி அதன் கீழே வைத்தேன். அந்த மூன்றிலும் பேச்சு இல்லை. நெயா தன் வாசற்படியைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அங்கே இப்போது காற்று இல்லை, விண்ணுடையைக் கழற்ற முடியாது, சப்பாத்தையும் கழற்ற முடியாது. ஆகவே படியின் விளிம்பில் சப்பாத்தில் ஒட்டிய உப்பை நன்றாகத் துடைக்கிறாள். ஒரு கால், பிறகு மற்றக் கால். துடைத்துவிட்டுக் கூரையில்லாத வீட்டுக்குள் போகிறாள். பின்னால் நிற்கிற கப்டன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்க்கிறார்.

"கேட்டது மேலே இருக்கிறது. கீழே இருப்பது ஒரு யோசனை மட்டும். விரும்பாவிட்டால் எறிந்துவிடுங்கள்" என்று எழுதி அனுப்பினேன்.

கேட்டதைச் செய்யாமல் யோசனை சொல்கிறவரை இந்தத் தொழிலில் ஒருவரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். கேட்டதைச் செய்துவிட்டுச் சொல்பவருக்குக் காது கிடைக்கும்.

மார்த்தா காணொளி அழைப்பில் வந்தார். அதற்கு முதல் நாங்கள் மின்னஞ்சலில்தான் பேசியிருந்தோம். நரைத்த முடி, பெரிய கண்ணாடி.

"இந்தக் கால் துடைப்பது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். முள்ளையும் யன்னல் சண்டையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தன் எழுத்துப் பிரதியைப் புரட்டினார். பிறகு, "இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த சண்டைக் காட்சி ஒன்று இருக்கிறது. அதை வெட்டுகிறேன். உங்களுக்கு இடம் வேண்டும்" என்றார்.

கம்பனியோடு வாதாடி அனுமதி எடுத்தவரும் அவர்தான். மூன்றாம் இதழ் வந்தபோது வாசகர்கள் எழுதியதெல்லாம் அந்த மூன்று பக்கங்களைப் பற்றி. எங்கோ பனி கொட்டும் ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம், சப்பாத்தைத் துடைத்த கிழவியைப் பற்றி எழுதினார்கள். ஜெறோம் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான். ஆனையிறவு உப்பளத்துக்கு உச்சி வெயிலில் எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டுபோய், "உப்பு வெள்ளை இல்லை, நல்லாப் பாருங்கோ" என்று நிறுத்தி வைத்தவன் அவன். உற்றுப் பார்த்தால் அதில் மெல்லிய ரோசா நிறம் ஓடும். அந்த நிறத்தையும் வாசகர்கள் கவனித்து எழுதியிருந்தார்கள். அவனுக்கு நிலத்தில் கால் படவில்லை.

அதற்குப் பிறகு மார்த்தா ஒவ்வொரு பகுதியையும் எங்களோடு பேசித்தான் எழுதினார். நாலாம் இதழின் கடைசிப் பக்கம் இப்படி முடிந்தது: படையின் கலங்கள் வானத்தில் நிற்க, வெளியேறும்படி விண்ணுடை வானொலியில் கட்டளை வர, மக்கள் எல்லோரும் அவரவர் இடிந்த வீட்டுக்குள் போய் நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுத் தெருவில் கப்டன் ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறார். ஆறாம் இதழின் முடிவையும் எங்களுக்குச் சொல்லியிருந்தார். ஒரு வெடி கூட வெடிக்காமல், ஊரில் ஒவ்வொரு விளக்காக எரிய, கலம் மேலே போகும்.

நாலாம் இதழ் அச்சுக்குப் போனது. ஐந்தாம் இதழை நான் பென்சிலில் பாதிக்கு மேல் முடித்திருந்தேன். அப்போதுதான் கம்பனி கைமாறியது.

வாங்கியவர்கள் புதிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கதைப்படி உப்பு நிலவு ஏற்கெனவே வெடித்துச் சிதறிவிட்டது. எங்கள் கதையில் அது இன்னும் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றார்கள். மார்த்தாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எங்களுக்கு வந்த அறிவுறுத்தல் இதுதான்: ஐந்தாம் இதழோடு கதையை முடிக்கவும். கடைசி எட்டுப் பக்கங்களில் நிலவு வெடிக்க வேண்டும். நெயாவும் மக்களும் அதில் இறந்துவிட, கப்டன் மட்டும் தப்புவார். அதைச் சரியாகச் செய்து கொடுத்தால் அவர்களுடைய அடுத்த பெரிய தொடர் எங்களுக்கு.

அதை வாசித்துக் காட்டிவிட்டுக் கபிலன் கதிரையில் சாய்ந்தார். முகம் வாடியிருந்தது. அவரைக் கெட்டவராக நினைக்க வேண்டாம். கலையகத்தில் வேலை செய்யும் எல்லோருடைய அடுத்த வருசமும் அந்த ஒரு மின்னஞ்சலில் இருந்தது.

ஜெறோம்தான் முதலில் பேசினான். "நான் உதுக்கு நிறம் அடிக்க மாட்டன். விருப்பமெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ."

தர்சினி திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது. உங்களுக்கு அது வீடு. எனக்கு இது வேலை. உங்கடை வீட்டுக்காக நான் ஏன் வேலையை விட வேணும்?"

தர்சினி சொன்னது நியாயம். நாற்பது வருசத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் நேர்மையானது அதுதான். அந்தக் கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால் நானும் ஜெறோமைப் போலக் கோபத்தில் மறுத்துவிட்டு, அதைக் கொள்கை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

"கோவத்திலை மாட்டம் எண்டு சொல்லப்படாது," என்றேன். "முதல் கீறிப் பாப்பம். நல்லா வந்தால் செய்வம்."

ஜெறோம் எழும்பி வெளியே போனான். நான் இருந்து அந்த எட்டுப் பக்கங்களையும் சிறிய கட்டங்களாகக் கீறினேன். வேண்டுமென்றே பழுதாக்கவில்லை. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டேன். கப்டன் தப்ப வேண்டும், கலம் ஓட வேண்டும், படைத் தளபதி ஒரு வசனம் பேச வேண்டும், நிலவு வெடிப்பதற்கு இரண்டு பக்கம் வேண்டும். எப்படி மாற்றி வைத்தாலும் நெயாவின் சாவுக்குத் தபால் முத்திரை அளவில் ஒரு கட்டம்தான் மிஞ்சியது. வீட்டுக்குள் போகும் முன் கால் துடைப்பதற்கு மூன்று பக்கம் எடுத்தவள், ஒரு முத்திரைக்குள் ஒரு சொல்லும் இல்லாமல் முடிந்துபோனாள்.

பின்னேரம் மூன்றாம் இதழையும் அந்தக் கட்டங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லோரையும் கூப்பிட்டேன். என் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"இது கதையிலை நிக்குதோ எண்டு மட்டும் பாருங்கோ."

தர்சினி கன நேரம் பார்த்தார். "குமிழ் வைக்கக்கூட இடம் இல்லை" என்றார் கடைசியாக. "ஆனால் அக்கா, நாங்கள் மாட்டம் எண்டால் வேறை ஆரும் செய்யப் போகினம். வரத்தானே போகுது?"

"வரலாம். ஆனால் நாங்கள் செய்தால்தான் அது முடிவு. அவளைக் கீறின கையே அவளைக் கொன்றால் வாசிக்கிறவை நம்புவினம். வேறை ஆள் கீறினால், ஆரோ வந்து கெடுத்துப் போட்டினம் எண்டு விளங்கிக்கொள்ளுவினம்."

கபிலன் அந்த முத்திரைக் கட்டத்தை விரலால் தொட்டார். "நாளைக்கு அவையோடை கதைக்க வேணும். அக்கா, நீங்களே கதையுங்கோ. நான் பக்கத்திலை இருக்கிறன்."

புதிய கம்பனியின் ஆள் இளைஞர், மரியாதையானவர். அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவேன்; அவர் இடையில் வெட்டாமல் கேட்டார். கட்டங்களை அவருக்குக் காட்டினேன்.

"நீங்கள் கேட்டது இதுதான். எட்டுப் பக்கத்தில் இதைவிட நன்றாக வராது. ஆறு இதழும் தந்தால் நீங்கள் விரும்பும் இடத்திலேயே கதையைக் கொண்டுவந்து விடலாம், நிலவு வெடிப்பதாக இருந்தாலும் அதை நியாயமாகச் செய்வோம். அதற்கு இடமில்லை என்றால் என் யோசனை, நாலாம் இதழோடு நிறுத்திவிடுங்கள். பாதியில் நின்ற கதையை வாசகர்கள் மன்னிப்பார்கள். அவசரத்தில் கொன்ற கதையை மன்னிக்க மாட்டார்கள். உங்கள் புதிய தொடரைப் பார்க்க வரப் போவதும் அதே ஆட்கள்தான்."

"அப்படியானால் நீங்கள் மறுக்கிறீர்கள்."

"எட்டுப் பக்கத்துக்கு, ஆம்."

"வேறு கலையகத்திடம் கொடுக்க எங்களுக்கு உரிமை உண்டு."

"உண்டு."

"இது உங்கள் சொந்தக் கருத்தா, உங்கள் கலையகத்தின் கருத்தா?"

அங்கேதான் என் வாய் நின்றது. நான் தலைமை ஓவியர்; முதலாளி அல்ல. என் பெயரில் மறுக்கலாம். பிறருடைய சோற்றில் கைவைத்து மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. முந்திய நாள் கபிலன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அவர் பக்கம் திரும்பவும் விரும்பவில்லை. திரும்பினால் அது அவரை நெருக்குவதாகப் போய்விடும்.

கபிலன் தன் கதிரையை முன்னுக்கு இழுத்து, ஒலிவாங்கிக்குக் கிட்டக் குனிந்தார். "கலையகத்தின் கருத்து" என்றார்.

என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அந்த இரண்டு சொற்களுக்கு மேலே எதையும் வைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு கிழமைக் கணக்காகப் பதில் இல்லை. அந்தக் காத்திருப்பில் ஜெறோம் என்னிடம் வந்தான். ஐந்தாம் இதழின் பென்சில் பக்கங்களை இணையத்தில் போட்டுவிடலாம் என்றான். மார்த்தா நினைத்த முடிவையும் எழுதிவிட்டால் வாசகர்கள் எங்கள் பக்கம் நிற்பார்கள், கம்பனி அடங்கிவிடும் என்பது அவன் கணக்கு.

"கீறினது நாங்கள் அக்கா. எங்கடை."

"கீறினது நாங்கள்தான். எங்கடை இல்லை."

"உவை செய்தது மட்டும் சரியோ?"

"சரியில்லை. அதுக்காக வாடகைக்கு இருந்த நாங்கள் சாவியைத் திருடப்படாது. மாட்டம் எண்டு முகத்துக்கு நேரை சொன்னனாங்கள். பின்கதவாலை போனால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இல்லை."

அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே இருந்து, ஐந்தாம் இதழின் கோப்புகளை எல்லாம் ஒழுங்காகப் பெயரிட்டுக் கம்பனிக்கு அனுப்பினான். எங்கள் கணினிகளில் ஒரு பிரதியும் வைத்திருக்கவில்லை. அழிக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்துவிட்டு அழித்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். நல்ல பக்கங்கள். இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன.

பதில் வந்தது. நாலாம் இதழோடு கதை நிறுத்தப்படுகிறது. எட்டுப் பக்கம் வேறு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அடுத்த பெரிய தொடர் வேறு நாட்டிலுள்ள கலையகம் ஒன்றுக்குப் போய்விட்டது.

ஆக, நாங்கள் வென்றோம் என்று சொல்ல முடியாது. அடுத்த வருசம் கடினமாக இருந்தது. ஜெறோம் காலையில் தமையனோடு கடலுக்குப் போய்வந்து பின்னேரத்தில் பாலர் புத்தகங்களுக்கு நிறம் அடித்தான். நான் விஞ்ஞானப் பாடநூலுக்குப் படம் கீறினேன். அந்த வருசம் கீறிய இரைப்பைகளை வரிசையாக வைத்தால் கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் போகும். தர்சினி கொழும்பில் விளம்பரக் கம்பனி ஒன்றில் சேர்ந்தார். புறப்படும் நாளில் என் மேசைக்கு வந்தார்.

"கோவம் ஒண்டும் இல்லை அக்கா. ஆனால் நீங்கள் செய்தது சரி எண்டு நான் இப்பவும் சொல்ல மாட்டன்."

"சொல்ல வேண்டாம்," என்றேன். "நீங்கள் கேட்டிராட்டில் நான் ஒழுங்காக் கதைச்சிருக்க மாட்டன்."

உங்களில் சிலர் தலைமை இடத்துக்கு வருவீர்கள். ஒரே சொல்லில் உங்களோடு ஒத்துப்போகிறவர்களை மட்டும் சுற்றி வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ஜெறோமின் கோபமும் வேண்டியிருந்தது, தர்சினியின் கேள்வியும் வேண்டியிருந்தது.

கொஞ்சக் காலம் கழித்து அந்த மரியாதையான இளைஞர் கபிலனுக்கு எழுதினார். நிறுத்திய தொடர்களில் வேலை செய்தவர்கள் பக்கங்களை வெளியே விடுவது வழக்கம் என்றும், எங்களிடமிருந்து ஒன்றும் வெளியே போகாததைத் தங்கள் கம்பனி கவனித்தது என்றும் குறிப்பிட்டிருந்தார். நன்றி என்றும் ஒரு வரி. கபிலன் அந்த நன்றியை வீணாக்கவில்லை. வெளிவந்த நாலு இதழ்களையும் தமிழில் வெளியிடும் உரிமையைக் கேட்டார். அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தந்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை: கதையை நாங்கள் நீட்டக் கூடாது, முடிக்கவும் கூடாது.

தமிழ்ப் பதிப்புக்கு எழுத்துக் கோர்க்க ஆள் தேடியபோது தர்சினி கொழும்பிலிருந்து தானாகவே போன் எடுத்தார். "வேறை ஆரும் தொட்டால் குமிழைப் பிழையா வைப்பினம்." கடைசிப் பக்கத்தின் கீழே என்ன போடுவது என்று எங்களுக்குள் வாக்குவாதம். 'தொடரும்' என்று போட்டால் பொய். 'முற்றும்' என்று போட்டாலும் பொய். தர்சினிதான் 'கதை இங்கே நிற்கிறது' என்று போட்டார்.

புத்தகம் வந்தபின் காங்கேசன்துறைப் பக்கத்தில் ஒரு வாசிகசாலையில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சின்ன மண்டபம், அரைவாசிக் கதிரை நிரம்பியிருந்தது. நான் எப்படி வரைந்தோம் என்பதைப் பற்றிப் பேசி முடித்ததும், வட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் எழும்பினார்.

"அன்ரி, கோவிக்க வேண்டாம். முடிவில்லாத கதையை என்னெண்டு விக்கிறியள்? வாங்கிறவன் ஏமாந்தெல்லோ போறான்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து பதில் யோசித்து வைத்திருந்தேன். கம்பனி, உரிமை, எட்டுப் பக்கம் எல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்வரிசையில் இருந்த ஒருவர் கையை உயர்த்தினார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். மீன்பிடிச் சங்கத்தில் வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. மகள் வாங்கிய புத்தகத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, கடைசிப் பக்கத்திலை அவை எங்கை இருக்கினம்?"

"வீட்டுக்கை இருக்கினம்," என்றார் மாணவர்.

"பிறகென்ன. உள்ளுக்குப் போய் இருந்திட்டினம். இனி ஆர் எழுப்பிறது?"

மண்டபம் சிரித்தது. மாணவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நான் வைத்திருந்த பதிலைச் சொல்லவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த மனிதர் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினார். அட்டையை என் பக்கம் திருப்பி, "உதிலை உங்கடை பேர் எது?" என்று கேட்டார். வெளிநாட்டு இதழ்களில் எங்கள் பெயர்கள் உள்ளே ஒரு மூலையில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தன. தமிழ்ப் பதிப்பில் கபிலன் எல்லோரையும் அட்டைக்குக் கொண்டுவந்திருந்தார். என் பெயரில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் சேட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். என் பெயரோடு நிறுத்தாமல், எங்கள் எல்லோருடைய பெயரையும் ஒன்றுவிடாமல், பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தார்.